ஐந்தரை மணி ஜோடி

"முடியாதுன்னா முடியாது. மூலையைப் பிடி."

சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிற ரோலர் ஓடும்போது யார் என்ன சொன்னாலும் பாதிதான் காதில் விழும். அவள் சொன்னது மட்டும் கடைசி மேஜை வரைக்கும் முழுசாக விழுந்தது. அந்தக் குரலுக்காகவே அங்கே வேலை செய்கிற பெண்கள் அவளுக்குச் சைரன் என்று பேர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். அவளுக்கு அது தெரியாது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். தெரியாத மாதிரி இருந்துவிட்டால் மரியாதை மிஞ்சும் என்று அவள் நினைத்திருந்தாள்.

சீக்கிரம் போக அனுமதி கேட்டது அவளுடைய சொந்தத் தம்பி மனைவி. ஆனாலும் ரோலருக்கு முன்னால் சொந்தம் கிடையாது. மடிப்புப் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். தம்பி மனைவி மடிக்கிறவள். அவ்வளவுதான்.

"அண்ணி, ஒரு முக்கால் மணி நேரம். ஆறு மணிக்குள்ள நான் பள்ளிக்கூட மையத்து வாசல்ல நிக்கலைன்னா பாப்பாவோட இடம் போயிடும்."

"நீ போயிட்டா உன் ஜோடி என்ன பண்ணுவா? விரிப்போட இன்னொரு முனையைக் காத்துல கட்டித் தொங்க விடுவாளா?"

ஜோடிக்காரி ஒல்லி. உடம்பும் அப்படி, பேரும் அப்படி. அவள் கையிலிருந்த இரண்டு மூலையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நாத்தனாரையும் தம்பி மனைவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த வேலை அப்படி. ஆஸ்பத்திரிக்கும் விடுதிகளுக்கும் போகிற படுக்கை விரிப்புகள் ரோலரிலிருந்து சுடச்சுட இறங்கும். ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, பின்னால் நடந்து, ஓர் இழுப்பு இழுத்து, ஓர் உதறு உதறி, எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்த்து மடிக்க வேண்டும். ஒருத்தி விட்டால் விரிப்பு தரையில் விழும். விழுந்தது மறுபடி அழுக்குக் கூடைக்கு. அதனால் ஆறரை மணிக்கு பெல் அடிக்கும்வரை யாரும் நகரக் கூடாது என்பது சைரனின் சட்டம். பல் வலி, வீட்டுக்கு விருந்தாளி, பிள்ளைக்குக் காய்ச்சல், எதைச் சொன்னாலும் அதே பதில்தான். ஒருத்திக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும். ஆகவே யாருக்கும் விடவில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு. ஓரவஞ்சனை செய்தாள் என்று ஒருவரும் அவளை நோக்கி விரல் நீட்ட முடியாது.

வீட்டில் அன்று பேச்சே இல்லை. ஒரு அறை, அதை ஒட்டி ஒரு அடுப்படி. அதற்குள் தம்பி, அவன் மனைவி, மகள், அக்கா என்று நாலு பேர். பேசாமல் இருக்க வேண்டுமானால் ஒருவரை ஒருவர் இடிக்காமல் இருக்க வேண்டும், அதற்கு அந்த வீட்டில் இடம் இல்லை. தம்பி ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புக்காரன். முன்பெல்லாம் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வேலைக்குப் போவான். மகளை மையத்திலிருந்து கூட்டி வந்து விட்டுவிட்டுப் போவான். இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கே அடுப்பை மூட்டச் சொல்லிவிட்டார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் மகள் டிரம்பெட்டை எடுத்து வாயில் வைத்தாள். மேட்டுப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கிற அந்த மையத்தில் வீட்டுப்பாடம் சொல்லித் தருவார்கள், அப்புறம் பேண்டு, தச்சு வேலை, நாடகம் என்று ஆளுக்கொன்று. இவளுக்கு பேண்டில் இடம் கிடைத்தது. பித்தளை டிரம்பெட் மையத்துடையது. இடம் இருக்கும்வரை வீட்டுக்குக் கொண்டுவரலாம். அக்கம்பக்கத்தார் அடிக்க வருவார்கள் என்று அதன் வாய்க்குள் ஒரு துண்டைச் சுருட்டி அடைத்துத்தான் ஊதுவாள்.

"எருமை அடைமழையில நின்னு கத்தற மாதிரி இருக்கு," என்றான் தம்பி, ரொட்டி ஓரங்களைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே.

"துண்டை எடுத்தா நல்லா இருக்கும்பா."

"துண்டை எடுத்தா வீட்டுக்காரரே நம்மள எடுத்துருவாரு."

தம்பி சிரித்தான், மகள் சிரித்தாள். அவன் மனைவி சிரிக்கவில்லை.

"ஊதிக்கடி, இருக்கற வரைக்கும் ஊதிக்க. உங்க அத்தைக்குச் சட்டம் பெருசு."

அக்கா முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஊர்ல எல்லாருக்கும் முடியாதுன்னு சொல்லிட்டு என் வீட்டுக்கு மட்டும் சரின்னு சொன்னா, நாளைக்கு அந்த மேஜை முன்னாடி நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கறது?"

"இப்ப இருக்கற மூஞ்சியே போதும் அண்ணி. அதைப் பாத்தாலே எல்லாரும் நடுங்கறாங்க."

"அக்கா, ஒரு தடவை யோசிச்சுப் பாரேன்," என்றான் தம்பி.

"நீயும் சேர்ந்துக்கோ."

மகள் டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். மூடுவதற்கு முன் ஒருமுறை தடவிப் பார்த்தாள். அக்கா உரித்த முட்டையை அவள் தட்டில் வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குத் தெரியாமல் நடந்தது. மடிப்புப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி முகம் கழுவப் போனால் பக்கத்து மேஜைக்காரி ஓடிவந்து அவள் மூலையைப் பிடிப்பாள். அந்த நேரம் பார்த்து ஆள் எண்ணினால், அவள் பேருக்கு இவளே "இருக்கேன்" என்பாள். பொய் என்று யாருக்கும் தோன்றாது. மூலை கீழே விழக் கூடாது, அதுதான் கணக்கு. மையத்து வாசலிலும் அவர்கள் அதையே செய்தார்கள்.

திங்கள்கிழமை ஒல்லிக்கு வார விடுமுறை. அவள் போய் நின்றாள். "யாரும்மா நீ?" என்று வாட்ச்மேன் கேட்டான். "அம்மா," என்றாள். விட்டுவிட்டான். மறுநாள், அன்றைக்கு மட்டும் காலை ஷிப்ட்டில் இருந்த கதைக்காரி போனாள். மூச்சு விடாமல் பேசுகிறவள்.

"யாரு?"

"அம்மாதாங்க. இவ பொறந்தப்போ என்ன மழைங்கறீங்க..."

"நேத்து வந்தது?"

"அதுவும் அம்மாதான்."

வாட்ச்மேன் பெண்ணைப் பார்த்துக் கேட்டான்: "பாப்பா, இது உங்க அம்மாவா?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உண்மையைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்பதும் தெரியும்.

"இன்னைக்கு இவங்கதான்," என்றாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அம்மா நேரில் வர வேண்டும், வரும்போது டிரம்பெட்டையும் கொண்டுவர வேண்டும் என்று மையத்துப் பொறுப்பாளர் சொல்லியனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை தேநீர் இடைவேளையில் ஒல்லி, மனசில் தங்காமல், சைரன் எதிரில் போய் நின்றாள்.

"திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. முதல்ல போனது நான்தான்."

"எங்க போனே?"

முழுதும் சொன்னாள். சைரனின் கையில் இருந்த தேநீர் ஆறிப்போனது.

"அறிவிருக்கா உங்களுக்கு? ஆளாளுக்கு அம்மான்னு போய் நின்னா அவங்க என்ன நினைப்பாங்க?"

"வேற என்ன பண்றது? உங்ககிட்ட கேட்டா விடவா போறீங்க?"

"கேட்டுப் பாத்தியா?"

"கேக்கணுமா? என் பையனுக்குப் போன வருஷம் அதே மையத்துல தச்சு வேலைக்கு இடம் கிடைச்சுது. ஆறு மணிக்கு யாரு கூப்பிடப் போறதுன்னு, வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன். உங்ககிட்ட கேக்கவே இல்லை. கேட்டு வேற அசிங்கப்படணுமான்னு விட்டுட்டேன். அவன் இப்ப சாயங்காலம் லாரி நிக்கற இடத்துல டயர் மேல உக்காந்திருக்கான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"எங்க யாரையாவது கேளுங்க. நம்ம தெருவுல ஒரு வீட்டுப் பிள்ளையாவது அங்க போகுதா? உங்க வீட்டுப் பொண்ணு ஒருத்திதான். அதுவும் நாளையோட சரி."

ஒல்லி இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. பேசி முடித்ததும் அவளுக்கே பயம் வந்து, சைரனின் டம்ளரையும் சேர்த்து வாங்கிக் கழுவப் போய்விட்டாள்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கதவைச் சாத்தினால் அது நியாயம் என்று அவள் நினைத்திருந்தாள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் யார் யார் நின்றார்கள் என்று திறந்து பார்த்ததில்லை. அன்று மாலை வரைக்கும் அவள் குரல் எழும்பவில்லை. "சைரனுக்குத் தொண்டை கட்டிருச்சா?" என்று கதைக்காரி பக்கத்தில் இருந்தவளின் காதைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சைரன் ஏப்ரனைக் கழற்றினாள். ரோலரின் பொறுப்பை மூத்தவள் ஒருத்தியிடம் கொடுத்தாள். ஒல்லியின் எதிரே இன்னொருத்தியை நிறுத்தினாள்.

"வா," என்றாள் தம்பி மனைவியிடம். "நானும் வரேன்."

"நீங்க எதுக்கு அண்ணி? அங்கயும் முடியாதுன்னு சொல்லவா?"

"வழியில பேசாம வா."

மழை தூறிக்கொண்டிருந்தது. டிரம்பெட் பெட்டி நனையாமல் இருக்க சைரன் தன் குடையை அதற்குப் பிடித்தாள். இரண்டு பெண்களும் நனைந்தார்கள். லாரிகள் போகிற பெரிய சாலையைத் தாண்டி மேடு ஏறினால் பள்ளிக்கூடம். வாட்ச்மேன் இவர்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"இதுல அம்மா யாரு? இல்ல, ரெண்டு பேருமா?"

"இவ அம்மா. நான் அத்தை. போதுமா, இல்ல சித்தி, பெரியம்மா எல்லாம் வரணுமா?"

"வந்தாலும் வருவாங்க," என்று முணுமுணுத்தபடி கதவைத் திறந்தான்.

பொறுப்பாளருக்கும் கிட்டத்தட்ட சைரனின் வயசுதான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். கோபமாகப் பேசவில்லை, அசந்துபோனவராகப் பேசினார்.

"உங்க பொண்ணு நல்லா வாசிக்கறா. எனக்கு மட்டும் அனுப்ப மனசு வருதுன்னு நினைக்கறீங்களா? ஆனா போன வருஷம் ஒரு பையனை யாரோ வந்து, மாமான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பிள்ளை கிடைக்கறதுக்குள்ள நான் செத்துப் பொழைச்சேன். அன்னைக்கு வச்ச சட்டம் இது. அம்மா, இல்லைன்னா அப்பா. ஆறு மணி. நீங்க ஊரையே அம்மான்னு அனுப்பி வச்சா நான் என்ன பண்றது?"

தம்பி மனைவி கண் கலங்கி வாயைத் திறப்பதற்குள் சைரன் முந்திக்கொண்டாள்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி."

"அண்ணி!"

"நீ சும்மா இரு. வாசல்ல பொய் சொன்னது தப்பு. நானா இருந்தா அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்பேன்."

பொறுப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார். கெஞ்ச வருவார்கள், சண்டை போட வருவார்கள் என்று தயாராக இருந்தவருக்கு இது புதிதாக இருந்தது.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"சலவைக்கூடத்துல மடிப்புப் பிரிவு சூப்பர்வைசர். ஆறரைக்கு பெல் அடிக்காம ஒரு ஆளை விட மாட்டேன்."

"அப்ப உங்களுக்குப் புரியும்."

"நல்லாப் புரியுது. நேத்து வரைக்கும் பாதிதான் புரிஞ்சுது."

பொறுப்பாளர் பெருமூச்சு விட்டார். "எனக்குப் புரியாதது ஒண்ணு இருக்கு. இங்க தச்சு அறையில பாதி மேஜை காலியா கிடக்கு. யார் வேணா வரலாம்னுதான் திறந்து வச்சிருக்கோம். உங்க தெருவுல இருந்து மட்டும் யாரும் வர்றதில்ல. அங்க யாருக்கும் இதுல விருப்பமில்ல போலன்னு நாங்களும் விட்டுட்டோம்."

"விருப்பமில்லையா?"

அந்தக் குரலுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான்.

"விருப்பமில்லைன்னு யாரு சொன்னது மேடம்? ஒரு வீட்டுல துண்டை அடைச்சுக்கிட்டு ஊதறா. இன்னொரு வீட்டுப் பையன் கிடைச்ச இடத்தை வேண்டாம்னு விட்டுட்டு டயர் மேல உக்காந்திருக்கான். உங்க வாசல் ஆறு மணிக்குச் சாத்துது. என் பெல் ஆறரைக்கு அடிக்குது. நீங்களும் நியாயம்தான், நானும் நியாயம்தான். நடுவுல இருக்கற அந்த அரை மணி நேரத்துல எங்க தெருப் பிள்ளைங்க எல்லாம் கீழ விழுதுங்க."

 மாடியில் எங்கோ பேண்டு பழகுகிற சத்தம் கேட்டது; ஒரே வரியில் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தது.

"ஆசிரியர்களை ஆறுக்கு மேல நிறுத்த எனக்கு வழியில்ல," என்றார் பொறுப்பாளர் கடைசியில். "வேற என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

சைரன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். உள்ளங்கை இரண்டும் சுட்டுச் சிவந்து காய்த்துப் போனவை.

"எங்க இடத்துல எதையும் ஒருத்தி தனியா தூக்கறதில்ல. ஜோடிதான். தினம் ஒரு ஜோடியை அஞ்சரைக்கு அனுப்பறேன். ஒருத்தியை எடுத்தாத்தான் இன்னொருத்தி சும்மா நிப்பா. ஜோடியா எடுத்தா எந்த விரிப்பும் கீழ விழாது. அந்த ரெண்டு பேரு எங்க தெருப் பிள்ளைங்க அத்தனை பேரையும் கூட்டிட்டு வரட்டும். யார் யார் வருவாங்கன்னு ஒவ்வொருத்தியையும் முன்னாடியே கொண்டுவந்து உங்க முன்னாடியும் வாட்ச்மேன் முன்னாடியும் நிறுத்தறேன். முகத்தைப் பாத்து வச்சுக்கட்டும். வேற யாரு வந்தாலும் விடாதீங்க, நானே வந்தாலும் என் முறை இல்லைன்னா விடாதீங்க."

"அத்தனை பெத்தவங்களும் சம்மதிக்கணும்."

"கூட்டிட்டு வரேன். உங்க முன்னாடி சொல்லுவாங்க."

"ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைக் கேக்கறது? எனக்கு ஒரு ஆள் வேணும்."

"என்னைக் கேளுங்க."

பொறுப்பாளர் சிரித்துவிட்டார். டிரம்பெட் பெட்டியைத் தம்பி மனைவியின் பக்கமே தள்ளி வைத்தார். "சரி. ஒரு மாசம் பாக்கலாம். என்னமோ, என் சட்டத்தை நான் மாத்தின மாதிரியே இல்ல. நீங்க மடிச்சு வேற மாதிரி வச்சுட்டீங்க."

திரும்பி வரும்போது சாலையைத் தாண்டியதும் தம்பி மனைவி சொன்னாள்: "அங்க வச்சு நீங்க சரின்னு சொன்னப்போ, உங்க தலையிலயே இந்தப் பெட்டியைப் போடலாம்னு இருந்தேன் அண்ணி."

"போட்டிருந்தா பெட்டிதான் நசுங்கியிருக்கும். குடையைச் சரியா பிடி."

ஆனால் மிச்சம் இருந்ததுதான் அவளுக்குக் கஷ்டமான வேலை. அதுவரை அவள் அந்தக் கூடத்தில் கட்டளை போட்டிருக்கிறாள், ஒன்றைக் கேட்டதில்லை. மறுநாள் ரோலர் சூடாவதற்கு முன் எல்லோரையும் மேஜைகளைச் சுற்றி நிற்கவைத்தாள். சொல்ல வந்ததைச் சொல்லத் தொடங்கி, தொண்டையைக் கனைத்து, மறுபடி தொடங்கினாள்.

"தினம் ஒரு ஜோடி போனா, மிச்சம் இருக்கறவங்க அந்த ஜோடி வேலையையும் சேர்த்துச் செய்யணும். மேனேஜருக்கு வேலை முடியணும், அவ்வளவுதான். அவருகிட்ட நான் பேசிட்டேன். ஆனா கை வலிக்கப் போறது உங்களுக்கு. அதனால... கேக்கறேன்."

"என்னது?" என்றாள் கதைக்காரி, காதில் விழாத மாதிரி. "கடைசி வார்த்தை சரியா கேக்கலை."

"கேக்கறேன்னு சொன்னேன்டி!"

கூடம் முழுக்கச் சிரித்தது. பிள்ளை இல்லாதவள் ஒருத்தி கையைத் தூக்கினாள். "எனக்கு வீட்டுல கூப்பிட யாரும் இல்ல. எனக்கும் முறை உண்டா?"

"உனக்கு எதுக்கு?"

"நானும் ஒரு நாள் அந்த வாசல்ல போய் நிக்கறேன். கூட்டமா பிள்ளைங்க ஓடிவந்தா நல்லாத்தானே இருக்கும்."

"உண்டு," என்றாள் சைரன். அப்போது அவள் குரல் அவ்வளவு பெரிதாக இல்லை.

தொடங்கியபோது சறுக்கல் இல்லாமல் இல்லை. ஒருநாள் கதைக்காரி கதை பேசிக்கொண்டே பிள்ளைகளை மழையில் சுற்றுவழியாக நடத்திக் கூட்டிவந்து எல்லோரையும் இரும வைத்தாள். ஒருநாள் வாட்ச்மேன் சைரனையே நிறுத்தி, "உங்க முறை நாளைக்கு," என்று திருப்பி அனுப்பினான். அவளுக்கு ஆத்திரம் வந்தது. பாதி வழியில் சிரிப்பு வந்துவிட்டது. ஒல்லியின் மகன் தச்சு அறையில் முதலில் செய்தது ஒரு முக்காலி. ஒரு கால் குட்டை. ஒல்லி அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மடிப்பு மேஜைக்குப் பக்கத்தில் போட்டாள். இடைவேளையில் அதில் உட்காருகிறவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே தேநீர் குடித்தாள். ஒருத்தியும் குறை சொல்லவில்லை. மாசம் முடிந்தபோது பொறுப்பாளர் எதுவும் சொல்லியனுப்பவில்லை. தச்சு அறையில் காலி மேஜை இல்லை என்று பிள்ளைகள்தான் வந்து சொன்னார்கள்.

பிள்ளைகள் ஆறேகாலுக்குச் சலவைக்கூடத்தின் பின்வாசலுக்கு வந்துவிடுவார்கள். பெல் அடிக்கும்வரை கட்டுக் கட்டும் அறையில், சுத்தமான துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்கள். தம்பி தொழிற்சாலையிலிருந்து கொடுத்தனுப்பும் உடைந்த ரொட்டிகளை அங்கேதான் பங்கு போட்டுத் தின்பார்கள்.

ஒருநாள், அப்படி அவர்கள் தின்றுகொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. ரோலர் ஒரு முனகலோடு நின்றது. காற்றாடிகள் நின்றன. அவ்வளவு பெரிய கூடத்தில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. ஆறரை ஆனது, பெல் அடிக்கவில்லை. அடிக்க அதற்கு மின்சாரம் இல்லை. பெண்கள் மூலைகளைப் பிடித்தபடி நின்றார்கள். பெல் அடிக்காமல் விட்டுப் பழக்கமில்லை.

"சத்தம் குடுங்க, போவோம்," என்றாள் ஒல்லி.

சைரன் வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பிக் கட்டுக் கட்டும் அறையின் வாசலைப் பார்த்தாள். தம்பி மகள் அங்கே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா. எடுத்து ஊது."

"இங்கயா அத்தை? துண்டு?"

"துண்டெல்லாம் வேண்டாம். ஊது."

அவள் எழுந்து நின்று உதட்டை நனைத்துக்கொண்டாள். முதல் ஒலி கொஞ்சம் நடுங்கிற்று. அப்புறம் நிமிர்ந்தது. தகரக் கூரையில் ஏறி, ரோலரைச் சுற்றி, மடித்து அடுக்கிய விரிப்புகளின் மேல் இறங்கி, வெளியே மழைக்குள்ளும் போயிற்று. தெருவில் குடை பிடித்துப் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். தம்பி மனைவி பிடித்திருந்த மூலையை விட்டுவிட்டாள். அந்த விரிப்பு தரையில் விழுந்தது. சைரன் அதைப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

ஊதி முடித்ததும் கதைக்காரி, நாக்கு அடங்காமல், கத்தினாள்:

"என்ன சத்தம்டீ! சைரன் ரத்தமாச்சே, சும்மாவா!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 

சைரன் இடுப்பில் கை வைத்தாள்.

"ஆமா. சைரன்தான். எங்க பரம்பரையே அப்படித்தான். இதுல என்னடி சந்தேகம்?"

அதற்குமேல் சிரிப்பை யாராலும் பிடித்துவைக்க முடியவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். தம்பி மனைவி விழுந்த விரிப்பை எடுத்து அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழுக்குக் கூடைக்குள் போட்டாள். சைரன் தம்பி மகளின் தலையில் ஒருமுறை கையை வைத்து எடுத்தாள். பின்வாசல் வரைக்கும் போய் வானத்தைப் பார்த்தாள். கறுத்துக் கிடந்தது.

"நாளைக்கு ஜோடி யாரு?"

"நானும் ஒல்லியும்," என்றாள் கதைக்காரி.

"மழை விடற மாதிரி தெரியலை. அஞ்சரைக்கு வேண்டாம், அஞ்சேகாலுக்கே கெளம்புங்க. இந்த ஒரு விரிப்பை மடிச்சிட்டுப் போறேன், அந்த ஒரு விரிப்பை மடிச்சிட்டுப் போறேன்னு யாராவது இங்க நின்னீங்க..."

குரல் மறுபடி ஏறியது. மின்சாரமே வந்துவிட்டது போல எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"...தொலைச்சிருவேன். பிள்ளைங்க காத்துக்கிட்டு நிப்பாங்க!"